செம்பூர்க்காரர் படித்த புத்தகம்

எங்கள் சந்தில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள். என் அத்தையை மட்டும் "இப்ப என்ன படிக்க?" என்று கேட்பார்கள். அத்தையும் அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லி நகர்கிறவள் இல்லை.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. திருநெல்வேலிப் பக்கத்து ஊரில் எட்டாவது வரை படித்துவிட்டு, பம்பாயில் மில் வேலையில் இருந்த அப்பாவிடம் தாராவிக்கு வந்து சேர்ந்தவள். வந்த அன்று அவள் தகரப்பெட்டியைத் தூக்கிய அப்பா, ஊரிலிருந்து அம்மிக்கல் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தாராம். திறந்தால் எல்லாம் புத்தகம். நான்கு சேலையைப் புத்தகம் நசுங்காமல் இருக்க நடுவில் சொருகியிருந்தாளாம்.

அவள் படிக்காத நேரம் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. குழாயடி வரிசையில் குடத்தைக் காலால் தள்ளிக்கொண்டே படிப்பாள். பருப்புப் பொட்டலத்தைப் பிரிக்குமுன் காகிதத்தைப் படிப்பாள். சேதி பாதியில் கிழிந்திருந்தால் மீதிப் பாதியைத் தேடி என்னைக் கடைக்கு அனுப்புவாள். கதையில் அந்த வாரம் யார் செத்தார்கள் என்பது எங்கள் வீட்டுக் குழம்பில் தெரிந்துவிடும். அடிப்பிடித்திருந்தால் முக்கியமான ஆள்.

குழாயடியில் பெண்கள் கதை கேட்பார்கள். அத்தை சொல்லிக்கொண்டே வருவாள். கதாநாயகி ஆற்றில் இறங்கியிருப்பாள், தண்ணீர் இடுப்புக்கு வந்திருக்கும், அந்த நேரம் பார்த்து அத்தையின் முறை வந்துவிடும். குடத்தை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஒருமுறை பின்னால் நின்ற ஒரு பெரியம்மா பொறுக்க முடியாமல், "என் முறையையும் நீயே எடுத்துக்கட்டி, அவ கரையேறினாளா இல்லையா, அதச் சொல்லிட்டுப் போ" என்றாள். தாராவிக் குழாயடியில் ஒருவர் தன் முறையை விட்டுக்கொடுத்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

சனிக்கிழமை பிற்பகலில் அத்தையும் நானும் மாட்டுங்காவுக்கு நடப்போம். அங்கே ஒரு காப்பிப்பொடிக் கடைக்கு மேல் மாடியில் தமிழ்ப் படிப்பகம் இருந்தது. கீழே கொட்டை வறுக்கும் மணம் மேலே வந்து எல்லாப் புத்தகத்திலும் ஏறியிருக்கும். அத்தை அலமாரிகளுக்குப் பின்னால் மறைந்துவிடுவாள். எனக்கு ஜன்னலோரம் சிறுவர் மேசை.

நான் நான்காவது படித்த வருடம் அத்தையைப் பெண் பார்க்க, பம்பாயிலேயே இருக்கும் செம்பூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் குடும்பமும் எங்கள் பக்கத்து ஊர்தான். ஆனால் அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் பம்பாய். டிராம்பேயில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஒல்லியாக, உயரமாக, எங்கள் நிலைப்படியில் நன்றாகத் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். காப்பி கொடுத்துவிட்டு அத்தை திரும்பும்போது, "உங்களுக்கு என்னைய ஏதாவது கேக்கணும்னா கேளுங்க" என்றார். பெண்ணைப் பார்த்து அப்படி ஒருவர் சொல்வது அன்றைக்குப் புதிது. அதைவிடப் புதிது, அத்தை உண்மையிலேயே கேட்டது.

"இப்ப என்ன படிக்கீங்க?"

"படிப்பு முடிஞ்சு வேலைக்கே வந்தாச்சே."

"அது இல்ல. கதை, புத்தகம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம், யாரும் பரீட்சை வைக்கப் போவதில்லை. "நான் மராட்டி ஸ்கூல்ல படிச்சவன். தமிழ் பேசுவேன், அவ்வளவுதான். எழுத்து ஒண்ணொண்ணாக் கூட்டணும். ஒரு கடை போர்டு படிச்சு முடிக்கதுக்குள்ள பஸ் அடுத்த ஸ்டாப்புக்குப் போயிரும்."

அத்தை சிரித்துவிட்டாள். கேலிச் சிரிப்பு இல்லை, வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அவர்கள் போனதும் அத்தை வேண்டாம் என்றாள். நல்ல ஆள் மாதிரிதான் தெரிகிறது, ஆனால் எழுத்துக் கூட்டுகிறவரோடு என்ன பேசிக்கொண்டிருப்பது என்று கேட்டாள். "படிக்கத் தெரிஞ்ச உங்க அண்ணாச்சி என்னத்தப் படிக்காவ? நாங்க பேசிக்கிடலையா?" என்று அம்மா மடக்கினாள். "நீங்க எங்க மதினி பேசுதீங்க? நீங்க சொல்லுதீங்க, அவிய கேக்காவ" என்றாள் அத்தை. அப்பா அதையும் கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, சிறுவர் மேசையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஒரு குழந்தைகள் பத்திரிகையை விரலால் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தார் செம்பூர்க்காரர். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் தெரிந்தது பயமா சந்தோஷமா என்று சொல்ல முடியவில்லை. பத்திரிகையை என் பக்கம் திருப்பி ஓர் எழுத்தைக் காட்டி, சின்னப் பெண்ணே என்று இந்தியில் கூப்பிட்டுக் கேட்டார். "சோட்டி, இது எந்த ள?"

வாழைப்பழம். எங்கள் ஊர்க்காரர்களின் வாய்க்கு ள, ழ இரண்டு எழுத்தும் ஒன்றுதான். காதை நம்பினால் கதை நடக்காது. கால் வளைந்து கீழே இறங்கினால் இது, இறங்காவிட்டால் அது என்று நான் வரைந்து காட்டினேன். "அச்சா" என்று தலையாட்டினார். என்னைவிடப் பெரியவர் ஒருவர் நான் சொன்னதற்குத் தலையாட்டியது அதுதான் முதல் தடவை. அதற்காகவே அவருக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

அத்தைக்குத் தெரிந்தால் மறுபடியும் சிரிப்பாள் என்று தோன்றியது. அதனால் இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன். அத்தை அலமாரியை விட்டு வெளியே வரும் நேரம் எனக்கு அத்துப்படி. இருமிக் காட்டுவேன், அவர் பத்திரிகையால் முகத்தை மூடிக்கொள்வார். அந்த உயரத்துக்கு அந்தப் பத்திரிகை எதையும் மூடவில்லை. ஆனாலும் அத்தை ஒருதடவைகூட அந்தப் பக்கம் பார்க்காதது எங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் குழந்தைகள் பத்திரிகையை விட்டுக் கதைப் புத்தகங்களுக்கு வந்துவிட்டார். அதிலும் எனக்கு அதிர்ஷ்டம்தான். அத்தை எனக்கென்று எடுத்துக் கொடுக்கும் புத்தகங்கள், எனக்குக் கொஞ்சமும் பொருந்தாமல், அவருக்கு அளவெடுத்த மாதிரி இருந்தன. முதலில் பெரிய எழுத்தில், பிறகு சின்ன எழுத்தில். ஒருநாள் தலையணை அளவு நாவல் ஒன்றைக் கொண்டுவந்து, "இத உன் அட்டையில எடு" என்றாள். படிப்பகத்துக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "இது உனக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அத்தை செருப்பு மாட்டப் போனதும் அதைச் செம்பூர்க்காரரின் பையில் போட்டேன்.

அந்த நாவல் ஒரு துறைமுக ஊரில் சாப்பாட்டுக்கடை நடத்தும் பெண்ணைப் பற்றியது. கல்யாணமான புதிதில் கப்பலேறிப் போன புருஷன் வருடக்கணக்காகத் திரும்பவில்லை. அவள் கடை வைத்து, ஊருக்கே சோறு போட்டு, தனியாக நிமிர்ந்து நிற்கிறாள். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது இல்லை. வாரா வாரம் செம்பூர்க்காரர் எனக்குச் சொன்னது. வீட்டில் அத்தை தலை பின்னிவிடும்போது, "அந்தப் புத்தகத்துல எந்த எடத்துல இருக்க?" என்று கேட்பாள். அந்தப் புத்தகம் நம் வீட்டிலேயே இல்லையே என்று அவளுக்கு உறைக்காதது எனக்கு வசதியாக இருந்தது. அவர் சொன்னதை ஒப்பிப்பேன். "புயல் வந்து கூரை போயிட்டு" என்றால், "ம், அப்ப வேகமாத்தான் படிக்க" என்பாள். அன்றைக்குப் பின்னல் வலிக்காது.

தீபாவளி கழிந்ததும் ஊரிலிருந்து அப்பாவுக்கு ஆள்மூலம் சேதி வந்தது. ஓட்டுச்சூளை வைத்திருக்கும் ஒரு சொந்தக்காரர் வீட்டில் பெண் கேட்கிறார்களாம். தை மாதம் அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தால் முடித்துவிடலாமாம். அப்பா சரி என்று சொல்லியனுப்பலாம் என்றார். அத்தை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த வாரம் குழம்பு தினமும் அடிப்பிடித்தது. அவள் கையில் எந்தப் புத்தகமும் இல்லை. குழாயடியில் கேட்டவர்களிடம், "ஒண்ணும் படிக்கல" என்றாள். அவர்கள் அவளுக்குக் காய்ச்சலா என்று அம்மாவை விசாரித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை அத்தை வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவோடு போனேன். அத்தையைத் தை மாதம் ஊருக்குக் கூட்டிப்போகப் போவதைச் செம்பூர்க்காரரிடம் சொன்னேன். லீவு போட்டு நானும் ரயிலில் போகப்போகிற சந்தோஷத்தில்தான் சொன்னேன். அவர் புத்தகத்தை மூடினார். இன்னும் கொஞ்சம் பக்கம்தான் பாக்கியிருந்தது. "நாளைக்கு உங்க அப்பா வீட்ல இருப்பாங்களா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக வந்தார். இந்தத் தடவை நிலைப்படியில் குனிந்து வந்தார். அப்பா வரவேற்கவும் முடியாமல் போகச் சொல்லவும் முடியாமல் நாற்காலியைக் காட்டினார். அவர் மடியில் நாவல் இருந்தது. எங்கள் ரகசியம் உடைந்தது என்று நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"அண்ணாச்சி, இந்தப் புத்தகத்த ராத்திரிதான் முடிச்சேன். முடிவுல எனக்கு ஒரு டவுட். தெரிஞ்சவங்ககிட்ட கேட்டாத்தான் தீரும். அதுக்குத்தான் வந்தேன்."

அப்பா அந்தத் தடிமனைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "நீரா படிச்சீரு?"

"ஆமா. புருஷன் கடைசியில திரும்பி வாரான். கடையில உக்காந்து சாப்பிடுதான். அவன்தான்னு இவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா இவ சொல்லல. சோறு போட்டா, மோர் ஊத்தினா, அனுப்பிட்டா. இது எனக்குச் சரியாத் தெரியல அண்ணாச்சி. அவ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

அப்பா பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே, அடுப்பங்கரைத் திரைக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. "அவ எதுக்குச் சொல்லணும்? அவனுக்குக் கண்ணு இல்லையா?"

"கண்ணு இருந்தா? அவளப் பாத்து எத்தன வருசம்? அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?"

திரை விலகியது. அத்தை கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். "மோர்ல அவனுக்குப் பிடிச்ச மாதிரி சுக்குத் தட்டிப் போட்டாளே, அது எதுக்காம்? நீங்க அந்தப் பக்கத்த ஒழுங்காப் படிச்சீங்களா?"

"படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன். சுக்கெல்லாம் யாரும் போடுவாங்க. ஆம்பளைக்கு அதெல்லாம் புரியாது, சொன்னாத்தான் புரியும்."

"அப்ப அவன் கேட்டிருக்கணும்."

"கேக்கத்தான் வந்தான். அவ முகத்தப் பாத்துப் பயந்துட்டான். மத்லப்... அதாவது, ஒருதடவ வேண்டாம்னு சொன்னவகிட்ட மறுபடி எப்படிக் கேப்பான்?"

"அவ எங்க வேண்டாம்னு சொன்னா? கதையில அப்படி எங்கயும் இல்லையே" என்றாள் அத்தை. சொன்னவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். காது சிவந்துபோய்க் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவரும் ஒரு நிமிடம் தரையைப் பார்த்தார். பிறகு இருவரும் முன்னைவிட உரக்க ஆரம்பித்தார்கள். அவள் பிடிவாதக்காரி என்றார் அவர். அவன் மண்டு என்றாள் அத்தை. சந்திலிருந்த குழாயடிப் பெண்கள் வாசலுக்கு வந்து, கதை நன்றாகத் தெரிந்தவர்களாதலால், இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். காப்பி ஆறி ஆடை கட்டியது.

எனக்கு அழுகை வந்தது. அத்தனை சனிக்கிழமைகள் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொடுத்து இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறேன். இவர் வந்து எங்கள் வீட்டில் சண்டை போடுகிறார். இதற்குப் படிக்காமலே இருந்திருக்கலாம். அம்மாவிடம், "அவங்கள நிறுத்தச் சொல்லும்மா" என்றேன். அம்மா அடுப்பில் ரவையை வறுத்துக்கொண்டிருந்தாள். சண்டைக்கு நடுவில் யாராவது கேசரி கிண்டுவார்களா என்று எனக்குக் கோபமாக வந்தது. வெளியே அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்து, "இவ இந்த வீட்ல யார்கிட்டயும் இவ்வளவு பேசினதில்லையே" என்றார் அம்மாவிடம்.

"அதத்தான் பாக்கேன்" என்றாள் அம்மா. "ஊருக்கு என்ன சொல்லி அனுப்பணும்னு இப்பவாது தெரிஞ்சுதா?"

அவர் கேசரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது புத்தகத்தை நாற்காலியிலேயே விட்டுவிட்டார். நான் எடுத்துக்கொண்டு சந்து முனைவரை ஓடினேன். வாங்கிக்கொள்ளவில்லை. "அத்தைட்டயே இருக்கட்டும் சோட்டி. கடைசி அத்தியாயத்த அவங்க மறுபடி படிக்கணுமாம். அடுத்த ஞாயித்துக்கிழம பேசிக்கிடுதோம்" என்றார். மறுபடியும் சண்டைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று எனக்கு விளங்கியது. மனமுடைந்து திரும்பி வந்தேன்.

அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து கையை நீட்டினாள். கொடுத்தேன். கடைசி அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். குழாயில் தண்ணீர் வந்தது, பெண்கள் கூப்பிட்டார்கள், அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு மூச்சுக்கு ஒரு பக்கம் புரட்டுகிற அத்தை ஒரே பக்கத்தில் அப்படியே இருந்தாள். கண் எழுத்தின் மேல்தான் இருந்தது. உதடு மட்டும் லேசாக அசைந்தது, எழுத்துக் கூட்டுகிறவர்களுக்கு அசைகிற மாதிரி. அத்தைக்கும் தெரியாத எழுத்து இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு நல்ல பழக்கம் இருந்ததால், பக்கத்தில் போய் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காதபடி மெதுவாகக் கேட்டேன்.

"எந்த எழுத்து அத்தை?"