எழுந்து நின்ற பிறகு

மாலை ஐந்தே முக்கால். நான் முதலில் பார்த்தது இரண்டு காலணிகளின் அடிப்பாகத்தை. தேய்ந்த ரப்பர், நுனிகள் வானத்தைப் பார்த்திருந்தன. கயிறு கட்டிய மேடையின் நடுவே ஒருவர் மல்லாந்து கிடந்தார். உக்கடம் குளத்துக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்த வெயில் கித்தான் விரிப்பில் மஞ்சளாகப் படிந்திருந்தது. நடுவர் அவர் முகத்தருகே குனிந்து விரல்களை ஒவ்வொன்றாக நீட்டினார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்துக்காகக் குத்துச்சண்டை பார்க்கப் போயிருந்தேன். தாமதமாகப் போனதால் முதல் சுற்று பாதி முடிந்திருந்தது.

"பயப்படாதீங்க, எந்திரிச்சுருவாருங்க," என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். "தறியில நூல் எழை அறுந்த மாதிரிதானுங்க, முடிச்சுப் போட்டு வருவாரு."

பின்வரிசையில் சிரித்தார்கள். அவர்கள் எல்லோரும் சோமனூரிலிருந்து வந்த விசைத்தறிக்காரர்கள். கீழே கிடந்தவரும் தறி ஓட்டுகிறவர்தான். என்னோடு பேசியவர் அவருடைய மைத்துனர்.

எட்டாவது விரலுக்கு அவர் எழுந்தார். அவசரமே இல்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வருகிறவரைப் போலப் புரண்டு, முழங்காலில் நின்று, பிறகு நிமிர்ந்தார். நடுவர் இரு கைகளையும் சேர்த்துக் காட்டியதும் ஆட்டம் தொடர்ந்தது. விழுந்து எழுந்த பிறகுதான் அவருடைய குத்துகள் நன்றாக விழுந்தன.

"எப்பவுமே இப்படித்தானுங்களா?" என்று கேட்டேன்.

"உழுகாம ஜெயிச்சதே இல்லீங்க. எங்கூர்ல அவரு உழுந்தாத்தான் டீ சொல்லுவாங்க, இனிமே ஆட்டம் சூடு புடிக்கும்னு." பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு ஜெயிச்சா மில்லு டீம்ல எடுத்துக்கறாங்க. நெலையான வேலைங்க. அடுத்த வருசம் வயசு தாண்டிப்போகும்."

எனக்கு ஒன்று விளங்கவில்லை. அத்தனை பேர் வந்திருந்தும் சோமனூர் வரிசையில் யாரும் கத்தவில்லை. கைகளை அசைத்தார்கள், சத்தமில்லாமல் வாயை அசைத்தார்கள். கேட்டதற்கு மைத்துனர் சிரித்தார்.

"தறி ஓடறப்ப கத்துனா ஆருக்குக் கேக்கும்? கையும் ஒதடுந்தான் பேச்சு. மச்சானுக்குப் பாதிக்கு மேல காது போச்சுங்க. வெரலப் பாத்துத்தான் எந்திரிக்கறாரு. எழுதிப்போடாதீங்க, மில்லுல தெரிஞ்சா எடுக்க மாட்டாங்க."

அந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். ஆண்கள் எல்லோருக்கும் மீசை மேலுதட்டுக்கு மேலே ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. உதடு மறைந்தால் தறிக்கூடத்தில் பேச முடியாது என்றார் மைத்துனர்.

கடைசிச் சுற்றில் சோமனூர்க்காரர் புள்ளிகளில் முன்னால் இருந்தார். விளக்குகள் போட்டுவிட்டார்கள். குளத்துப் பூச்சிகள் வெளிச்சத்தில் சுற்றின. அதற்குக் கீழே இருவரும் தூக்கத்தில் நடப்பவர்களைப் போல ஒருவரையொருவர் சுற்றி வந்தார்கள். எதிராளியின் இடது கை வந்ததை நான் பார்க்கவில்லை. அவர் உட்காருவதைத்தான் பார்த்தேன், யாரோ நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்று நம்பி உட்காருவதைப் போல.

விரல்கள் நீண்டன. சோமனூர் வரிசை முழுவதும் கைகளை உயர்த்தி அதே விரல்களை நீட்டியது. சத்தமில்லாமல் ஒரு கூட்டம் எண்ணுவதை அன்றுதான் கண்டேன். எட்டுக்கு அவர் எழுந்து நின்றார். கால்கள் உறுதியாக இருந்தன, கைகள் முகத்தருகே வந்துவிட்டன.

இந்த முறை நடுவர் ஆட்டத்தைத் தொடரச் சொல்லவில்லை. நேராக முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்குக் கேட்டது: "முடியுமா?" நடுவருக்கு உதடு தெரியாத அளவு அடர்ந்த மீசை. எழுந்தவர் அந்த மீசையையே உற்றுப் பார்த்தார். நடுவர் மறுபடி கேட்டார். மைத்துனர் எழுந்து நின்று, ஆமாம் சொல்லச் சொல்லித் தலையை ஆட்டினார், வரிசையே தலையாட்டியது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மீசைக்கு அடியில் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

நடுவர் தலைக்கு மேல் இரு கைகளையும் குறுக்கே வீசி ஆட்டத்தை நிறுத்தினார்.

"காதுதானுங்க! காது கேக்காதுங்க!" என்று நடுவரிடம் சொல்ல வாயெடுத்துப் பாய்ந்தார் மைத்துனர். மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர் அவர் முகத்தைப் பார்த்ததுமே கையுறையால் மைத்துனரின் வாயைப் பொத்தினார். மேடையை ஒட்டிய மேசையில் மில்காரர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் நடுவரிடம் போனேன். "கேட்டதுக்குப் பதில் இல்லைங்க. நினைவு சரியா இல்லாதவரை எப்படி ஆட விடறது?" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை.

திரும்பி வந்தபோது குத்துச்சண்டைக்காரர் கைக்கட்டுத் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். என் உதடுகளைப் பார்த்தபடி, நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, அளவுக்கு மேல் உரக்கச் சொன்னார்:

"எந்திரிச்சுட்டனுங்களே. அதுக்கு மேல என்னங்க?"

மில் வேலை எதிராளிக்குக் கிடைத்தது.