தானே ஓடும் காரும் தங்கபுஷ்பத்தின் முழங்காலும்

சங்கரன்கோவிலில் ஞானஒளிவை மறக்க முடியாத வீடுகள் நிறைய உண்டு. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கரண்ட் பில் கட்டத் தவறிய வீட்டுக்கு ஆளோடு வருவார். ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வார். "பணத்தக் கட்டிட்டுச் சொல்லுங்க" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கல்யாண வீடு, காய்ச்சல் வீடு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீடு என்ற பேதமெல்லாம் அவரிடம் கிடையாது. சமத்துவத்தை அந்த அளவுக்குக் கடைப்பிடித்தவர் ஊரில் வேறு யாரும் இல்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு அறுபது வயதுக்கு மேல் கார் ஓட்டும் ஆசை வந்தது. அதுவரை அவர் ஓட்டியதெல்லாம் ஒரு மொபெட்தான். அதிலும் அது இவரை ஓட்டியதா, இவர் அதை ஓட்டினாரா என்று தெருவில் ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் அந்த ஆசைக்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் வெறுமனே கேலி செய்துகொண்டு போவது நியாயம் இல்லை. அவர் மனைவி தங்கபுஷ்பத்துக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வாரம் ஒருமுறை பாளையங்கோட்டைக்குப் போய் வைத்தியம் பார்த்து வரவேண்டும். பஸ் படியில் ஒரு காலை வைத்துவிட்டு அடுத்த காலைத் தூக்குவதற்குள் அவள் முகம் படுகிற பாட்டைப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்து மனிதருக்குப் பொறுக்கவில்லை. ஓய்வுப் பணத்தில் கார் வாங்கிவிட்டார்.

திருநெல்வேலி ஷோரூமில் ஷீஜா என்ற பெண் வண்டியைக் காட்டினாள். "சார், கோடு தெரியுற ரோட்டுல இந்த வண்டி தானாவே போகும். தானா வளையும், தானா பிரேக் பிடிக்கும். ஸ்டியரிங்ல சும்மா கை வச்சிருந்தாப் போதும். மூணு மாசம் ஃப்ரீ" என்றாள்.

"தானா போறதுன்னா பொறவு கை எதுக்கு?"

"அது ரூல்ஸ் சார்."

"அதெல்லாம் ஓட்டத் தெரியாதவனுக்குல்லா" என்று சொல்லிவிட்டார் ஞானஒளிவு. அவர் லைசென்ஸ் வாங்கி அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் காரின் முன்னால் நின்று ஜெபம் பண்ணிக்கொடுத்தார். அந்த வாரமே பாளையங்கோட்டைப் பயணம். புறப்படுகிற அவசரத்தில் வீட்டில் ஜெபம் பண்ண மறந்தது வண்டி ஊரைத் தாண்டித் திருநெல்வேலி ரோட்டைப் பிடித்த பிறகுதான் தங்கபுஷ்பத்துக்கு நினைவு வந்தது. உடனே தலையைக் குனிந்து கண்ணை மூடி, "அன்பின் பரம பிதாவே" என்று தொடங்கினாள்.

ஓய்வுநாள் பள்ளியில் போய் உட்கார்ந்த வயதிலிருந்து, அந்த வார்த்தை காதில் விழுந்தால் ஞானஒளிவுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். சாப்பாட்டு மேசையிலும் சரி, சாவு வீட்டிலும் சரி, இத்தனை வருஷத்தில் அது தப்பியதே இல்லை. அன்றும் தப்பவில்லை. கை ஸ்டியரிங்கில் இருந்தது, கால் ஆக்சிலேட்டரில் இருந்தது, மனது பரலோகத்தில் இருந்தது. பக்தியில் ஒரு குறை சொல்ல முடியாது.

டீ குடிப்பதற்காக ரோட்டோரம் நின்றிருந்தது முத்துக்கிருஷ்ணனின் குட்டியானை. புளியங்குடி மார்க்கெட்டிலிருந்து எலுமிச்சம்பழ மூடைகளை ஏற்றிக்கொண்டு வந்த வண்டி. கார் அதன் பின்பக்கத்தில் போய் முட்டியதில் மூடைகள் சரிந்து வாய் பிரிந்து, பழங்கள் ரோடு முழுக்க உருண்டன. பதறிப்போன ஞானஒளிவு பிரேக் என்று நினைத்து வேறு எதையோ மிதிக்க, கார் பின்வாங்காமல் அந்தப் பழங்களின் மேலேயே ஏறி நின்றது. நல்லவேளை, ஒருவருக்கும் அடி இல்லை. தங்கபுஷ்பம் ஜெபத்தைப் பாதியில் விடாமல் ஆமென் சொல்லி முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள்.

முத்துக்கிருஷ்ணன் டீ கிளாசோடு வந்து டயரைப் பார்த்தான். வண்டி மோதினால் பெட்ரோல் மணக்கும் என்பார்கள். அன்று ரோடே ஊறுகாய் மணத்தது. "அண்ணாச்சி, புது வண்டின்னா நாங்க டயருக்கு ஒண்ணா நாலு பழந்தான் வைப்போம். நீங்க சர்ச்சுக்குப் போவுத வேதக்காரவ, எங்களத் தோக்கடிச்சிட்டியளே!" என்றான்.

அடுத்த வாரம் தங்கபுஷ்பம் பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். "நீங்க ஓட்டுத வண்டில நான் ஏற மாட்டேன். எனக்கு முட்டுதான் போயிருக்கு, உசுரு இன்னும் போவல்ல" என்று சொல்லிவிட்டாள். கெஞ்சிப் பார்த்தார், கோபப்பட்டுப் பார்த்தார், கடைசியில் காரை எடுத்துக்கொண்டு பஸ்ஸின் பின்னாலேயே போனார். பஸ் நின்ற இடத்தில் எல்லாம் காரும் நின்றது. கண்டக்டர் பெத்துராஜ் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "யக்கா, அண்ணாச்சி நம்ம பின்னாலயே வாராவ. டிக்கெட்டு மட்டுந்தான் எடுக்கல்ல" என்றான். பஸ்ஸே சிரித்தது. தங்கபுஷ்பமும் சிரித்தாள். ஆனால் பாளையங்கோட்டையில் இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் கொஞ்சநேரம் அப்படியே நின்றாள். ஞானஒளிவு காருக்குள்ளிருந்து அதைப் பார்த்தார். வலிக்கிற முழங்கால் ஒரு பக்கம், காலியாகக் கிடக்கிற சீட் ஒரு பக்கம். அவருக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் ஷீஜா சொன்னது ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "ஏட்டி, இனிமே நான் ஓட்டப் போறதில்ல. காரே ஓட்டும். நான் கைய மட்டும் வச்சிருப்பேன்" என்றார்.

தங்கபுஷ்பம் கொஞ்சம் யோசித்தாள். "அப்பம் வாரேன்" என்றாள்.

'அப்படியானால்' என்ற அர்த்தத்தில் வந்த அந்த 'அப்பம்' ஞானஒளிவுக்குச் சுருக்கென்று தைத்தது. மழையிலும் புயலிலும் கம்பத்தில் ஏறி ஊருக்கு வெளிச்சம் கொடுத்த மனிதர். கல்யாணம் ஆன நாளிலிருந்து கூடவே இருக்கிறவர். அவரை நம்பி ஏறமாட்டாளாம், நேற்று வந்த மென்பொருளை நம்பி ஏறுவாளாம்.

ஆனாலும் ஏறினாள். ஊருக்குள் கோடு தெரியாத இடத்தில் 'நீயே பார்த்துக்கொள்' என்று கார் பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பெரிய அதிகாரிகளோடு வேலை பார்த்த அவருக்கு அது புதிதில்லை. திருநெல்வேலி ரோட்டில் வெள்ளைக் கோடு தெரிந்ததும் திரையில் பச்சை வளையம் எரியும். அப்புறம் கார் கோட்டுக்கு நடுவில் நூல் பிடித்த மாதிரிப் போகும். எலுமிச்சம்பழம் சிதறிய இடம் வந்தால் தங்கபுஷ்பம் ஜெபத்தைத் தொடங்குவாள். இவர் கண் மூடும். மூடிய மறுகணமே டிங் டிங் என்று மணி அடித்து, ஒரு பெண் குரல் இங்கிலீஷில், ரோட்டைப் பார் என்று அதட்டும். தலைக்கு மேலே இருந்த சின்னக் கேமரா பார்த்துக்கொண்டே இருந்தது.

"நான் இவ்ளோ வருசமாச் சொன்னத இது இங்கிலீசுல சொல்லுது. ஒடனே கேக்குதியளே!" என்பாள் தங்கபுஷ்பம்.

வாரா வாரம் காருக்குப் பாராட்டு விழாதான். "எவ்ளோ பதமாப் போவுது பாருங்க. லாரிக்காரனப் பாத்துக் கைய நீட்டுதா? அடுத்தவன் அப்பன் பேரக் கேக்குதா? சைடு வாங்கணும்னா லைட்டப் போட்டுட்டுல்லா போவுது." ஞானஒளிவு சிரித்துவைத்தார். ஒரு பொட்டுத் தகரத்தின்மேல் அவருக்குப் பொறாமை வந்துவிட்டது என்று சொன்னால் ஊர் நம்பாது. ஆனால் வந்துவிட்டது.

மூன்று மாதம் முடிந்தது. ஷீஜா போன் பண்ணினாள். "சார், ஃப்ரீ டிரையல் முடிஞ்சிட்டு. வருஷத்துக்கு ஒரு தடவை கட்டிட்டீங்கன்னா கன்டினியூ ஆகும்."

"ஏம்மா, நான் முழுப்பணமும் குடுத்து வாங்குன வண்டி. அதுக்குள்ள இருக்கதுக்கு இன்னொரு பணமா?"

"உள்ளதான் சார் இருக்கு. ஆனா நாங்க ஆஃப் பண்ணிருவோம். பணத்தக் கட்டிட்டுச் சொல்லுங்க, ஆன் பண்ணிருதோம்."

ஞானஒளிவு போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். அவருடைய வாக்கியம், வார்த்தை மாறாமல் திரும்பி வந்திருந்தது. அவர் ஃபியூஸைப் பிடுங்கிய அத்தனை வீட்டுக்காரர்களும் அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் ஷீஜாவுக்கு மாலை போட்டிருப்பார்கள்.

கட்டுவதா வேண்டாமா என்று கடையநல்லூர் பாதுஷாவிடம் கேட்டார். பாதுஷா துபாயில் நெடுங்காலம் டாக்சி ஓட்டிவிட்டு வந்தவர். "அண்ணாச்சி, அங்கன எங்க மொதலாளிகிட்ட இந்த மாதிரி வண்டி உண்டு. ஒருநாள் அதுவா ஓடிப் போயி ஒரு கம்பத்துல இடிச்சிட்டு. அபராதம் யாருக்கு வந்துச்சுங்கிய? வண்டிக்கு வரல்ல, உள்ள உக்காந்திருந்தவருக்குத்தான் வந்துச்சு. அல்லா நமக்குக் குடுத்த கண்ணுக்கு வருசச் சந்தா கெடையாதுல்லா?" என்றார்.

வெளியில் கேட்டவர்களுக்கு எல்லாம் ஞானஒளிவு அநியாய விலை என்றுதான் சொன்னார். உண்மை அது இல்லை. மனைவி புகழ்கிற ஒருவனுக்குத் தன் கையாலேயே சம்பளம் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. பணம் கட்டவில்லை. கட்டவில்லை என்பதைத் தங்கபுஷ்பத்திடம் சொல்லவும் இல்லை. சொன்னால் அவள் மறுபடி பஸ் படியில் காலைத் தூக்கி வைப்பாள்.

அடுத்த பயணத்தில் வண்டி ஊரைத் தாண்டியதும், "போட்டுட்டியளா?" என்று கேட்டாள்.

"ம்" என்றார். 'ம்' என்பது பொய்க் கணக்கில் சேருமா என்பதைச் சர்ச்சின் சேகரக் கமிட்டி உறுப்பினரான அவர் அதிகம் ஆராயவில்லை.

அன்று அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கார் எப்படி ஓட்டுமோ அப்படியே ஓட்டவேண்டும். கோட்டுக்கு நடுவில் போனார். மாடு குறுக்கே வந்தால் ஹாரன் அடிக்காமல் நின்று, மாட்டுக்கும் இண்டிகேட்டர் போட்டு விலகினார். மானூர் பக்கம் ஒரு லாரிக்காரன் உரசுகிற மாதிரி முந்திப் போனான். வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கினார். தங்கபுஷ்பம் "அன்பின் பரம பிதாவே" என்றபோது பழகிய இமை கீழே இறங்கப் பார்த்தது. அதட்டுவதற்குத்தான் இப்போது யாரும் இல்லையே. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை விரித்து ரோட்டையே பார்த்தார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

"பாத்தியளா, பழகப் பழக இன்னும் நல்லால்லா ஓட்டுது!" என்றாள் தங்கபுஷ்பம்.

ஓட்டியவர் பக்கத்தில் இருக்க, பாராட்டு மட்டும் விலாசம் மாறிப் போனது. நான்தான்டி என்று சொல்லவும் முடியாது. இந்தத் தண்டனையை அவர் பல வாரம் அனுபவித்தார்.

அப்புறம் ஒருநாள் தேவர்குளம் தாண்டிப் போகும்போது காருக்குள் போன் மணி அடித்தது. எடுக்காமல் விட வேண்டும் என்று நினைத்தார்; பதற்றத்தில் ஸ்டியரிங்கில் இருந்த எடுக்கிற பொத்தான்மேலேயே விரல் பட்டுவிட்டது. ஷீஜாவின் குரல் நாலு ஸ்பீக்கரிலும் கணீரென்று கேட்டது.

"சார், வணக்கம். டிரையல் முடிஞ்சதுல இருந்து உங்க வண்டி ஆட்டோ டிரைவ் ஆஃப்லயே இருக்கு. இன்னைக்குள்ள கட்டினீங்கன்னா ஆஃபர் இருக்கு சார்."

 ஞானஒளிவுக்குப் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இண்டிகேட்டரைப் போட்டார், கண்ணாடியில் பின்னால் பார்த்தார், ஒரு புளியமரத்து நிழலில் கொண்டுபோய் வண்டியை ஒழுங்காக நிறுத்தினார். இனி பாளையங்கோட்டை வரைக்கும் அவள் நடந்தே போனாலும் போவாள் என்று நினைத்தார்.

தங்கபுஷ்பம் ஸ்பீக்கரைப் பார்த்துக் குனிந்து, "வேண்டாம்மா. இங்கன ஓட்டுததுக்கு ஆள் இருக்கு" என்றாள்.

போன் நின்றது. ஞானஒளிவு மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"ஒனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். நான் ஜெபம் பண்ணயில அந்த மணியும் அடிக்கல்ல, பச்ச வளையமும் எரியல்லல்லா?"

"நீ கண்ண மூடிட்டுல்லா இருந்த!"

"எலுமிச்சம்பழத்துல ஏத்துன அன்னையில இருந்து நான் இந்த வண்டில கண்ண மூடுனதே இல்ல. தெறந்து வச்சு ஒங்களத்தான் பாத்துட்டு இருந்தேன். ஆண்டவர் மன்னிப்பாரு."

"தெரிஞ்சிட்டு ஏன் ஏறுன?"

"நீங்க கண்ண மூடல்லயே" என்றாள் தங்கபுஷ்பம்.

ஞானஒளிவு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.  சமாளித்துக்கொண்டு, "பொறவு எதுக்கு வாரா வாரம் காரப் புகழ்ந்துட்டுக் கெடந்த?" என்று கேட்டார்.

"ஒங்கள நேராப் புகழ்ந்தா ஹாரன அடிச்சு ஊரையில்லா கூட்டுவிய!" என்றாள். "எடுங்க வண்டிய. டாக்டரு போயிருவாரு."

வைத்தியம் முடிந்து திரும்பும்போது வெயில் தணிந்திருந்தது. பாளையங்கோட்டையைத் தாண்டியதும் தங்கபுஷ்பம் வழக்கம்போல ஜெபத்தைத் தொடங்கினாள். பிள்ளைகளுக்காக, போதகருக்காக, முட்டு வலிக்காக, முத்துக்கிருஷ்ணனுக்காகக்கூட விண்ணப்பம் போனது. ஞானஒளிவு கண் கொட்டாமல் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். மானூர் வரும்போது ஜெபம் பாதியில் நின்றுவிட்டது.

திக்கென்றது அவருக்கு. ஒரு வினாடி ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தார். தங்கபுஷ்பம் சீட்டில் தலை சாய்த்துக் கண்ணை மூடி, வாய் லேசாகத் திறந்து, அயர்ந்து தூங்கிக்கொண்டு இருந்தாள்.

பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். அவனுடைய அப்பன் பேரை ஞானஒளிவு மனதுக்குள் மட்டும் விசாரித்துக்கொண்டார். இண்டிகேட்டரைப் போட்டு அவனுக்கு வழி விட்டார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே, பாதியில் நின்ற ஜெபத்துக்குச் சத்தம் வராமல் தானே ஆமென் சொல்லி முடித்தார்.