எதிர்வீடும் பக்கத்து வீடும் போட்டியிட்ட தேர்தல்

மெட்ராஸிலிருந்து மாற்றலாகி நாங்கள் கோபிச்செட்டிபாளையத்துக்குக் குடிவந்த புதிது. உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டுக்கு எதிர்வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் போட்டி. மைக்கில் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டார்கள்.

எதிர்வீட்டுக்காரரின் மனைவி ஓட்டுக் கேட்டு வந்தபோது, அவரைக் குளிர்விக்க நினைத்து, "பக்கத்து வீட்டு மனுஷன் சுத்த மோசங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங்க அம்மணி, அவரு என்ற அண்ணனுங்க. நாளைக்கு எம் புள்ளைக்குக் காதுகுத்து, அவரு மடியிலதானுங்க உக்கார வெக்கோணும்!"

எனக்குத் தலை சுற்றியது. "அப்ப உங்க ஓட்டு யாருக்குங்க?"

"அதைய வெளிய சொல்ல முடியுங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காதுகுத்து விருந்தில் அந்த அண்ணனே என் இலையில் லட்டு வைத்து, "நல்லாச் சாப்புடுங்க அம்மணி" என்றார். தங்கை சொல்லிவிட்டாரா, இல்லையா என்று புரியாமலே விழுங்கினேன்.

இப்போதெல்லாம், "அவங்க உங்களுக்கு என்ன முறைங்க?" என்று கேட்காமல் நான் யாரைப் பற்றியும் வாய் திறப்பதில்லை.