சரோஜாவும் ஹேண்ட் பிரேக்கும்

போன செவ்வாய்க்கிழமை ஒரு பார்சல் எடுக்க நானுஓயா ரயில்வே ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம், நானும் வீட்டம்மா சரோஜாவும். ஏற்றத்தில் பிக்கப்பை நிறுத்தினேன். வழக்கம்போல சரோஜா காலடியில் கிடந்த மரக்கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நானும் வழக்கம்போல பிரேக்கை மிதித்தபடி, கட்டையைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அவள் "ம்" சொல்வதற்காகக் காத்திருந்தேன்.

"ம்" வரவில்லை. 'சரக்'கென்று ஒரு சத்தம்தான் வந்தது...

மழை ஈரத்தில் வழுக்கி, பின் சக்கரத்துக்குப் பின்னால் விழுந்து கிடந்தாள். பதறிப்போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன் பாருங்கள் — அங்கேதான் புத்தி கெட்டுப்போனது. கால் தளர்ந்தது. வண்டி ஒரு சாண் பின்னால் போனது. மறுபடி அழுத்தி மிதித்தேன். இறங்கி ஓடிப்போய்த் தூக்கவும் வழியில்லை. கியர் மட்டும் அந்த ஏற்றத்தில் தாங்காது, காலை எடுத்தால் வண்டி அவள் மேலேயே போகும். பொண்டாட்டி தரையில் கிடக்கிறாள், புருஷன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். நல்லவேளையாக ஒரு வேன் டிரைவர் ஓடி வந்து கல் வைத்தார்.

முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னாள். "இதுதாங்க கடைசி. இனிமே இந்த வண்டியில நான் ஏற மாட்டேன்." சத்தம் போட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஹட்டன் மலைப் பக்கம் பழைய வண்டி வைத்திருக்கிற பல பேருக்கு ஹேண்ட் பிரேக் என்பது ஒரு அலங்காரப் பொருள். சமதரையே இல்லாத ஊரில் இது என்ன கூத்து என்று கேட்பீர்கள். கூத்துதான். கியரில் போடுவோம், கட்டை வைப்போம், வேலையைப் பார்க்கப் போவோம். பஸ்ஸில் கண்டக்டர் இறங்கிக் கட்டை வைப்பார். லொறியில் கிளீனர். எங்கள் பிக்கப்பில் சரோஜா.

எப்படி ஆரம்பித்தது தெரியுமா? கல்யாணமான முதல் மாதம். மலை யாத்திரை சீசன் நேரம், அடிவாரத்து நல்லதண்ணிக்குப் போயிருந்தோம். பிக்கப் அப்போதே பழசு — ஒரு தேயிலைத் தோட்டத்து மேனேஜர் துரை ஓட்டித் தேய்த்துவிட்டு விற்றது. கடைகளுக்குப் பக்கத்தில் ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். 'டப்'. உள்ளே கேபிள் அறுந்து, லீவர் தொளதொளத்துப் போனது. புதுப் பொண்டாட்டி முன்னால் மானம் போன மாதிரி இருந்தது எனக்கு.

அவள் பட்டுச் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ரோட்டோரத்தில் தோதான கல்லாகப் பார்த்து எடுத்தாள். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். "ம், காலை எடுங்க" என்றாள். டயகம ஊர் லொறி டிரைவர் மகள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொண்ணு பார்க்கப் போனபோதுகூட நான் அவளைச் சரியாகப் பார்க்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ரோட்டோரத்தில்தான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

கேபிளை அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

இருபத்தாறு வருஷம் ஆகிறது. நடுவில் எஞ்சினை இறக்கி வேலை பார்த்தேன், பெயிண்ட் அடித்தேன், சீட் உறையை மூன்று தடவை மாற்றினேன். கேபிள் மட்டும் 'அடுத்த வாரம்'. மழையில் இறங்கியிருக்கிறாள், பனியில் இறங்கியிருக்கிறாள், பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டும் இறங்கியிருக்கிறாள். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது பெருமையாக அல்லவா இருந்தது? "என் வீட்டம்மா மாதிரி கட்டை வைக்க ஹட்டன்ல ஒரு கிளீனர் கிடையாது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மறுநாள் காலையிலேயே மெக்கானிக் ரவூப் நானாவின் கராஜுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஹேண்ட் பிரேக்கா? இந்த வண்டியில அப்பிடி ஒண்டு இருந்ததா சேர்?"

இந்த வண்டிக்குப் புதுக் கேபிள் எங்கே கிடைக்கும்? வேறொரு வண்டியின் கேபிளை அளவுக்கு வெட்டி, முனையில் கொக்கி மாட்டினார். நானும் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டேன். பழைய கேபிளின் மிச்சம் உறைக்குள் துருவேறி ஒட்டிக் கிடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்துத்தான் வந்தது. பின் டிரம்களைக் கழற்றி, புதியதை பிரேக் ஷூவோடு மாட்டி, நட்டை முறுக்கி இழுவையைச் சரி பண்ணினார். லீவரை இழுத்தேன். நாலு 'கடக்'. கராஜ் வாசல் சரிவில் வண்டி ஆடாமல் அசையாமல் நின்றது.

ஜம்மென்று வீட்டுக்குக் கிளம்பினேன். பாதி வழியில் கருகல் வாடை... வண்டியும் இழுக்க மாட்டேன் என்கிறது. இறங்கிப் பார்த்தால் பின் சக்கரத்தில் புகை. ஹேண்ட் பிரேக்கை விடுவிக்காமலே ஓட்டி வந்திருக்கிறேன்! போட்டதை எடுக்க வேண்டும் என்பதே கைக்கு மறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை, கெஞ்சிக் கூத்தாடி சரோஜாவைக் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். கோயில் ஏற்றத்தில் நிறுத்தி, லீவரை இழுத்தேன். அவள் கை தன்னால் கதவுக்குப் போனது. "இரும்மா" என்றேன். மெல்லக் காலை எடுத்தேன். வண்டி நின்றது.

கட்டை வைக்காமல் ஏற்றத்தில் நிறுத்திய வண்டியில் நாங்கள் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்பது அதுதான் முதல் தடவை. அவள் லீவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத மாட்ட எவ்வளவு நேரங்க ஆச்சு?"

"ரெண்டு மணி நேரம்."

"ரெண்டு மணி நேரந்தானா?" என்று கேட்டுவிட்டு, கோயிலைப் பார்த்து நடந்தாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு இரண்டு மணி நேர வேலை கிடக்கும். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்திருங்கள்.