நாலாவது மூச்சு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். நான் வண்டி மெக்கானிக். பில்லில் வேண்டுமானால் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பேன், இஞ்சின் சத்தத்தில் பொய் சொன்னதில்லை. இது நடந்தது என் சொந்த ஷெட்டில், பட்டப்பகலில். பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று எவன் சொன்னானோ, அவன் பேயைப் பார்த்ததில்லை.

வண்டி என் சகலையுடையது. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். மாமனார் வீட்டுக்கு அவன் போனால் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போடுவார்கள். நான் போனால், "மாப்பிள்ளை, மோட்டார்ல ஏதோ சத்தம் வருது, கொஞ்சம் பாருங்களேன்" என்பார்கள். அப்படிப்பட்டவன் ஒரு நாள் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை லாரியில் கொண்டுவந்து என் ஷெட்டில் இறக்கினான். தாழ்வான மஞ்சள் வண்டி. முன்னால் இரண்டே சீட், பின்சீட் கிடையாது. மீசை முளைத்த வயதிலிருந்து நான் ஆசைப்பட்ட வண்டி. அவனுக்கு அதன் பெயர்கூடச் சரியாகச் சொல்ல வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அதில் இருப்பது ரோட்டரி இஞ்சின். பிஸ்டன் கிடையாது. மூன்று மூலை கொண்ட ரோட்டர் அறைக்குள் சுற்றும், அவ்வளவுதான். வந்த இஞ்சின் உள்ளே உரசிப் பாழாகியிருந்தது. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டில் தேடி, அதே ரகத்தில் வேறொன்றைப் பிடித்தேன். அதுவும் ஓடாமல் கிடந்து இறுகிப்போயிருந்தது. பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, முன் போல்ட்டில் பெரிய ஸ்பானரை மாட்டி, கையாலேயே அசைத்து அசைத்து உயிர் கொடுத்தேன். பிறகு வண்டியில் ஏற்றிப் பூட்டினேன். உழைப்பு என்னுடையது, ஓட்டப் போகிறவன் அவன்.

"சகலை, ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன். மாமாவைப் பக்கத்துல உட்கார வச்சு முதல் ரவுண்டு" என்றான் போனில்.

அந்த ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது மனைவி வாசலில் நிறுத்தினாள். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. அவர் வண்டி மேல கண்ணு வைக்காம வேலையை முடிச்சுக் குடுங்க."

நான் கண் வைத்து எவ்வளவோ நாளாகிவிட்டது. அவன் வருவதற்குள் முதல் ரவுண்டை நான் ஓட்டிவிட வேண்டும். அதுதான் என் திட்டம்.

மணி இரண்டு பத்து. தெருவில் ஆள் இல்லை. யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன்.

கால் பெடலுக்கு எட்டவில்லை.

நான் குள்ளம். முந்தின நாள்தான் சீட்டை முழுக்க முன்னால் இழுத்து வைத்திருந்தேன். இப்போது அது கடைசிப் பல் வரை பின்னால் போயிருந்தது. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் வண்டியின் கூரைதான் தெரிந்தது, உயரமான ஆளுக்குத் திருப்பி வைத்தது போல. சகலைதான் வந்து உட்கார்ந்து பார்த்திருப்பான் என்று பல்லைக் கடித்தேன். ஷெட் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

சீட்டை இழுத்தேன். டக். டக். டக்.

ரோட்டரிக்கு ஒரு சோதனை உண்டு. ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டுக் காதால் கேட்க வேண்டும். ரோட்டருக்கு மூன்று முகம், அதனால் மூன்று மூச்சு. மூன்றும் ஒரே அளவாக வந்தால் இஞ்சின் பிழைத்துவிட்டது என்று அர்த்தம். இறங்கிப் போய் ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டு, பானட்டுக்குள் குனிந்து ஸ்டார்ட்டருக்கு ஒயரைக் கொடுத்தேன்.

புஸ். புஸ். புஸ்.

கண்ணே கலங்கிவிட்டது. ஒயரை எடுத்தேன். இஞ்சின் நின்றது.

ஸ்ஸ்ஸ்...

நாலாவது.

நின்றுபோன இஞ்சினிலிருந்து... அதுவும் வெளியே விட்ட காற்று இல்லை. பிளக் ஓட்டை ஓரமாகக் கிடந்த, கை துடைக்கும் பஞ்சின் நூல் ஒன்று மெல்ல எழுந்து, ஓட்டைக்குள் நீண்டது. ஏதோ ஒன்று மூச்சை உள்ளே இழுத்தது.

இரண்டடி பின்வாங்கினேன். ஆனால் நாலு மணிக்கு அவன் வந்துவிடுவான். பிளக்கைப் பூட்டிவிட்டு உட்காரப் போனேன்.

சீட் மறுபடியும் பின்னால் இருந்தது.

இழுக்கப் பொறுமையில்லை. விளிம்பில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. ஊற்றிய எண்ணெய் எரிந்து வெள்ளைப் புகை கிளம்பியது. அது வழக்கம்தான். ஷட்டர் வழியாகப் போய்விடும் என்று திரும்பிப் பார்த்தேன்.

வெளிச்சம் இல்லை.

ஷட்டர் தரை வரை இறங்கியிருந்தது.

சாவியை உருவினேன். சாவி கையில் இருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

என் கால் பெடலில் இல்லை.

ரேஸ் ஏறியது.

"நம்ம வண்டி."

குரல் என் தலைக்குப் பின்னால் கேட்டது. பின்சீட்டே இல்லாத வண்டியில்... சீட்டில் என் முதுகுக்குப் பின்னால் மிச்சமிருந்த இடத்திலிருந்து.

"அவனுக்குக் குடுக்காத."

கதவைத் திறந்து விழுந்தேன். புகைக்குள் தவழ்ந்து போய் ஷட்டரைத் தூக்கினேன். வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் பின்னால் இஞ்சின் அடங்கியது.

நாலு மணிக்குக் குடும்பமே வந்தது. நடந்ததைச் சொல்லாமல் சாவியை நீட்டினேன். சகலை சாவியைத் திருப்பினான். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினான். பக்கத்து சீட்டில் மாமனார் வியர்த்துக் கொட்டினார். "நீங்க ஒரு தரம் பாருங்க மாப்பிள்ளை" என்றார் என்னிடம்.

பயத்தோடுதான் தொட்டேன். ஒரே திருப்பில் பிடித்தது. சகலையின் முகம் சுண்டிப்போனது. என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது, சொல்வதற்கென்ன.

அடுத்தடுத்த வாரங்களிலும் அதே கதை. கடைசியில் அவனே, "இது எனக்கு ராசி இல்ல, நீங்களே வச்சுக்குங்க சகலை" என்று என் தலையில் கட்டிவிட்டான்.

போன வாரம் யார்டுக்காரரைப் பார்த்தேன். இஞ்சின் எப்படி என்று விசாரித்தார். சொன்னேன்.

"ஓனருக்கு ஸ்டார்ட் ஆகாது, உங்களுக்கு மட்டும் ஆகுதா?"

"ஆமா."

கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அந்த இஞ்சின் முன்னாடி இருந்த வண்டியும் அப்படித்தான். ஓனர் வெறுத்துப்போய் மெக்கானிக்குக்கே குடுத்துட்டார். கொஞ்ச நாள்ல அந்த மெக்கானிக் தன் ஷெட்டுல, வண்டிக்குள்ளயே செத்துக் கிடந்தார். ஷட்டர் மூடியிருந்துச்சு. உள்ள ஒரே புகை."

"உயரமான ஆளா?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால், என் ஷெட்டில் சீட்டைப் பின்னால் தள்ளுவது அவர்தான் என்றாவது தெரிந்துவிடும்.

"இல்லைங்க, உங்க அளவுதான். சீட் கடைசி வரைக்கும் பின்னால போயிருந்துச்சு. அவர் கால் பெடலுக்கு எட்டவே இல்ல. ஆனா வண்டி ஃபுல் ரேஸ்ல கத்திட்டு இருந்துச்சாம்."

விற்றுவிடலாம், இல்லை சகலைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். போனைக் கையில் எடுத்தேன். அவன் அந்த வண்டியில் மாமனாரை உட்கார வைத்து ஓட்டிப் போவதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். போனை வைத்துவிட்டேன்.

இன்று காலையும் சீட் பின்னால்தான் இருந்தது. முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரே திருப்பில் பிடித்தது. ஷட்டர் திறந்திருக்கிறதா என்று மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.