துளையில்லாச் சிரவை

தேங்காய் மூடிக்குள் இரும்புப் பல் உரசும் 'கரகர' ஒலியை எங்கே கேட்டாலும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. அதற்குக் காரணமான நிகழ்ச்சியில் வென்றவள் நான். வென்றவர் வாயில் கதை பெருகும் என்பதால், அன்று எனக்குப் போட்டியாக நின்ற வகுப்புத் தோழி பிந்துவிடமும் கேட்டு, இருவர் நினைவும் ஒத்துப்போன செய்திகளை மட்டுமே இங்கே தருகிறேன்.

மலையாள ஊரான கரமனையில் தமிழ் பேசும் எங்கள் வீட்டார் சட்டியின் அடியைச் 'சுரண்டுவார்கள்', தோசைமாவை 'வழிப்பார்கள்', முழங்காலைச் 'சிராய்த்துக்கொள்வார்கள்'. பலகையில் பதித்த பல்வைத்த இரும்பு நாக்கை மலையாளத்தில் 'சிரவை' என்று அழைத்து, அதிலே தேங்காயைத் தமிழில் 'துருவுவார்கள்'. இத்தனை வினைகளையும் ஆங்கிலம் 'ஸ்கிரேப்' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது என்று நான் அறிந்து வியந்த நாள்களில், பள்ளியின் ஆங்கிலச் சொற்போட்டி அணிக்குத் தேர்வு நடந்தது. அச்சொல்லை வாக்கியத்தில் அமைக்கும்படி கேட்ட வினாவுக்கு, அம்மா தேங்காயை 'ஸ்கிரேப்' செய்கிறாள் என்று எழுதினேன். தேங்காய்க்கு 'கிரேட்' (grate) என்பதே சொல் என்று ஆசிரியை சிவப்புக் கோடிட்டார். அந்த ஒரு மதிப்பெண் இல்லையென்றால் அணியின் கடைசி இடம் பிந்துவுக்கு.

எங்கள் தெருத் தமிழை நன்கறிந்த ஆசிரியையிடம், "கிரேட்டருக்குத் துளை வேணும், டீச்சர். எங்காத்துச் சிரவையில துளையே கிடையாது" என்றேன்.

"அப்படியா? நாளைக்குக் கொண்டு வா, பார்க்கலாம்."

மறுநாள் காலை அம்மா, "அவியலுக்கு நான் என்ன பண்றது? நகத்தால சுரண்டட்டுமா?" என்று கேட்டாலும், ஒரு தேங்காய் மூடியையும் சேர்த்தே பையில் வைத்தாள். பேருந்தில் நடத்துநர் என் மடியைப் பார்த்து, "மோளே, சிரவைக்கு டிக்கெட் எடுத்தோ?" என்றார், பேருந்தே சிரித்தது.

வகுப்பறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஆசிரியை சிரவைப் பலகையில் அமர்ந்தார். வெள்ளைத் துருவல் பூவாக உதிர்ந்தது.

"டீச்சரே, சட்னி கிட்டுமோ?" என்றாள் பிந்து.

ஆசிரியை இரும்பு நாக்கை விரலால் தடவித் துளை தேடினார். பின் எழுந்து அகராதியைப் புரட்டி 'ஸ்கிரேப்' என்ற சொல்லைத் தேடினார். கூரிய விளிம்பால் ஒன்றன் மேற்பரப்பைச் சுரண்டியெடுத்தல் என்று அதில் கண்டிருந்த பொருளை இருமுறை உரக்கப் படித்தார்.

"ரெண்டு சொல்லும் செல்லும். உன் வாக்கியத்தில் தப்பில்லை" என்று சிவப்புக் கோட்டை அடித்துவிட்டுக் கூட்டிப் பார்த்தவர், முதன்முறையாகச் சிரித்தார். "ஒரு மார்க்கில் நீ 'ஸ்கிரேப் த்ரூ' ஆயிட்டே."

மயிரிழையில் தேறுவதற்கும் அதே சொல்தான் என்பதை அன்றுதான் அறிந்தேன். மாலையில் சிரவையை மடியில் ஏந்தி, பேருந்தின் முன்னிருக்கையில், பட்டத்து யானைமேல் வருபவளைப் போல் வீடு திரும்பினேன்.

இன்று கழக்கூட்டம் என்ற ஊரில் என் அலுவலகத்து இளைஞர்கள் இணையப் பக்கங்களிலிருந்து தகவலை வாரியெடுப்பதை 'ஸ்கிரேப் பண்றது' என்கிறார்கள். அகராதிப் பொருள் கேட்டால், நான் தேங்காயிலிருந்தே தொடங்குகிறேன். கரமனை வீடு விலைபோயிற்று. துருவல் பொட்டலத்தில் வருகிறது. சிரவை மட்டும் என்னிடம் இருக்கிறது.

அன்று செய்தித்தாளோடு எடுத்து மேசைமேல் வைத்த துருவல், மதிய மணி அடித்து நாங்கள் திரும்பியபோது இல்லை. தான் தின்னவில்லை என்று பிந்து இன்றும் சொல்கிறாள். தின்றவர் யார் என்பது தெரியவில்லை.