சரோஜினி டீச்சர் கேட்ட தண்ணீர்

காலையில் பட்டாபிராமிலிருந்து, என்னோடு வகுப்பில் படித்த மல்லிகா வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "அக்கா, நம்ம சரோஜினி டீச்சர் தவறிப் பூட்டாங்கக்கா" என்றாள். தைத்துக்கொண்டிருந்த துணி அப்படியே மிஷினில் நின்றுவிட்டது.

அம்பத்தூரில் பெண்களுக்குச் சுயதொழில் வகுப்பு எடுத்தாரே, அந்த டீச்சர்தான். அவரிடம் படித்தவர்களுக்கு அவர் வழக்கம் தெரியும். என்ன தொழில் என்று கேட்டதும் லாபத்தைப் பற்றிப் பேச மாட்டார். "கழிவு எங்க போவும்?" என்பார். பதில் தெரியாதவள் வீட்டுக்கு அவரே வந்துவிடுவார்.

சேக்காட்டில் எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை மூடியிருந்த சமயம். உள்பாவாடைக்குச் சாயம் போட்டு விற்கலாம் என்று பின்பக்கம் தொட்டி வாங்கிப் போட்டிருந்தேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. டீச்சர் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொட்டித் தண்ணீர் வெளியே போகும் காவாயை ஒட்டியே நடந்தார். அது தெருவுக்கே பொதுவான கிணற்றடியில் போய் நின்றது.

என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "இன்னா டீச்சரம்மா, தொழில் சொல்லிக்குடுக்க வந்தீங்களா, காவா பாக்க வந்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான் பெரியம்மா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

கிணற்றில் மொண்டு கொடுத்தேன். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சாயம் போட ஆரம்பிச்சப்புறம் நான் வந்தாலும் இதே தண்ணியக் குடுப்பியா கஸ்தூரி?"

நான் தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன். மாமியார்தான் கேட்டார்: "அப்போ வயித்துக்கு இன்னா பண்றது?"

டீச்சர் சொம்பைக் காலி செய்துவிட்டு, "கலர்தானே வேணும்? அம்பத்தூர் எஸ்டேட்ல தையல் கம்பெனிக்காரங்க கலர் கலரா பிட்டுத்துணியக் கொட்டி எரிக்கிறாங்க. நாளைக்குப் போய்க் கேப்போம், வா" என்றார்.

மறுநாள் மூட்டையோடு பஸ் ஏறினோம். "இன்னாம்மா, குப்பையெல்லாம் பஸ்ல ஏத்திக்கினு?" என்று கண்டக்டர் கத்தினார். டீச்சர் மூட்டையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "குப்பை இல்லப்பா. இது இந்தம்மாவோட கடை."

பிட்டுத்துணியை ஒட்டுப்போட்டுப் பாவாடை தைத்து விற்ற அந்தக் கடைதான் எங்களுக்குச் சோறு போட்டது. அஞ்சாவது வரைக்கும் படித்த நான் இன்று அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு வேலை கொடுக்கிறேன். என் பேத்தி முதல் பிறந்தநாளுக்கு உடுத்தியது நான் தைத்த ஒட்டுப் பாவாடை. அந்த மாதிரி ஒன்றை எந்தப் பெரிய கடையிலும் காட்டச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

துக்கம் கேட்டுத் திரும்பியதும் நேராகக் கிணற்றடிக்குப் போனேன். தலைக்கு ஊற்றிக்கொள்ளும் முன் ஒரு கை அள்ளிக் குடித்தேன். அன்று நான் சொல்லாத பதில் அதில் இருந்தது.

அதே தண்ணீர்தான் டீச்சர்.